அளவுமீறிப் பொருள் வாங்குவது மனநோயா, வெறும் ஊதாரித்தனமா?

தீபாவளிக்கு நாலு புடவை கூடுதலாக எடுப்பதெல்லாம் நோயில்லை. கடன் ஏறுவது தெரிந்தும், வீட்டில் சண்டை வந்தும் நிறுத்த முடியவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். இப்படி நிறுத்த முடியாதவர்களுக்குப் பொருள் முக்கியமே இல்லை. வாங்கும் அந்த நொடியின் கிளர்ச்சிதான். பார்சல் பிரிக்காமலே பீரோவுக்குள் ஒளிந்து கிடக்கும். அப்புறம் குற்றவுணர்வு, அதை மறக்க இன்னொரு ஆர்டர்.

ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் 1915இலேயே இதை எழுதிவிட்டார். செல்போனை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதை உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோடு வைக்கிறது.

பலருக்கு மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். இதற்கென்று தனி மாத்திரை இல்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. சரி, இன்றைக்கே செய்யக்கூடியது? செயலியில் சேமித்த கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள்.