வேன் டிராக்கிங் ஆப்: மாங்கோடிபியா, கசாண்ட்ராவா?

கேள்வி: பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப் ஒன்றை மூன்று பேராகச் செய்கிறோம். 40 வேன்கள். ஓடும்போது 10 விநாடிக்கு ஒருமுறை இடம் பதிவாகும். டேட்டாபேஸாக மாங்கோடிபி போதும் என்கிறேன் நான். பின்னால் தாங்காது, கசாண்ட்ராதான் சரி என்கிறார் கூட்டாளி. எதை எடுப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: மாங்கோடிபியையே எடுங்கள். விநாடிக்கு 4 பதிவு. வேன் தினமும் 4 மணி நேரம் ஓடினாலும் நாளுக்கு 57,600தான். சாதாரண சர்வர் ஒன்றே இதைச் சிரமமில்லாமல் எழுதிவிடும். கசாண்ட்ரா என்றால் வழக்கமாக 3 சர்வராவது ஓட்ட வேண்டும், அதைக் கவனிக்கவே ஓர் ஆள் வேண்டும். மூன்று பேர் குழுவுக்கு அது பெரிய சுமை.

கூட்டாளியின் பயம் வெறும் பயமல்ல. டிஸ்கார்டு என்ற சாட் ஆப்பில் 2015 நவம்பரில் மெசேஜ்கள் 10 கோடியைத் தொட்டபோது டேட்டாவும் இண்டெக்ஸும் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) மெமரியில் அடங்கவில்லை. மாங்கோடிபியை விட்டுக் கசாண்ட்ராவுக்குப் போனார்கள். ஆனால் டேட்டாபேஸிடம் அவர்கள் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இந்தச் சேனலில் அண்மையில் என்ன பேசினார்கள்? அதனால் சேனலையும் 10 நாள் காலத்துண்டையும் சேர்த்து பார்ட்டிஷன் கீயாக (டேட்டாவைப் பிரித்து வைக்க உதவும் அடையாளம்) வைக்க முடிந்தது. அவர்களும் 2022இல் சில்லாடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறிவிட்டார்கள்.

உங்கள் ஆப் கேட்கப்போகும் கேள்விகளை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ‘7ஆம் நம்பர் வேன் நேற்று மாலை எந்த வழியாகப் போனது?’ என்பதற்குக் கசாண்ட்ராவும் சட்டென்று பதில் தரும். வேனும் தேதியும் கீயாக இருந்தால் போதும். ‘பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் இப்போது எந்தெந்த வேன்கள்?’ என்று கேட்டால் அங்கே திணறுவீர்கள். அதற்கென்று தனி டேபிள் கட்ட வேண்டும். மாங்கோடிபியில் இடத்தை வைத்துத் தேட உதவும் 2டிஸ்ஃபியர் இண்டெக்ஸ் போட்டால் வேலை முடிந்தது. பள்ளி அலுவலகம் இப்படிப் புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மாங்கோடிபியில் வேனுக்கு ஒரு டாக்குமெண்ட் (தகவலைச் சேர்த்து வைக்கும் ஓர் அலகு) வைத்து, அதிலேயே எல்லா இடங்களையும் வரிசையாகச் சேர்க்காதீர்கள். ஒரு டாக்குமெண்ட் 16 எம்பிக்கு மேல் போகாது. பதிவுக்கு 100 பைட் என்று வைத்தால், ஏறக்குறைய 116 பள்ளி நாட்களில் நிரம்பிவிடும். அதற்கு முன்பே, வளர வளர ஒவ்வொரு முறை பதிவு எழுதுவதும் மெதுவாகும். மாங்கோடிபியின் 5.0 பதிப்பிலிருந்து, நேர வரிசைப் பதிவுகளுக்கென்றே டைம் சீரிஸ் கலெக்‌ஷன் இருக்கிறது. பழைய பதிவுகளை அதில் போடுங்கள். கடைசி இடத்தை மட்டும் வேனுக்கு ஒரு சின்ன டாக்குமெண்ட்டில் வைத்து அப்டேட் செய்யுங்கள். பெற்றோர் பார்க்கப்போவது அதைத்தான்.

அப்புறம், வேன் கட்டணத்தையும் ஆப்பிலேயே வசூலிக்கும் எண்ணமிருந்தால் அந்தக் கணக்கை போஸ்ட்கிரெஸ் என்ற ரிலேஷனல் டேட்டாபேஸில் வைத்துவிடுங்கள்.