கரும்பலகைக்கு முதுகு காட்டும் கதிரை: மொழி வகுப்பு விளையாட்டு, கேள்வி பதில்

கொழும்பில் சிங்களம் பேசும் மாணவர்களுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கிறேன். குழுவாகச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பற்றி மற்ற ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

டீச்சர், விளையாட்டை எப்படித் தொடங்குவது? (வெள்ளவத்தை)

வகுப்பை இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஒருவர் கரும்பலகைக்கு முதுகு காட்டிக் கதிரையில் உட்காரட்டும். நீங்கள் ஒரு சொல்லை எழுதியதும் குழுவினர் அதை உச்சரிக்காமல் தமிழிலேயே விளக்க வேண்டும். முதலில் கண்டுபிடித்தவரின் குழுவுக்குப் புள்ளி. சொல்லுக்குச் சொல் கதிரையில் ஆள் மாறட்டும்.

சைகை காட்டலாமா? (தெகிவளை)

ஒரு வாக்கியமாவது பேசிய பிறகு காட்டலாம்.

எந்தச் சொற்களைக் கொடுப்பது? கஷ்டப்பட்டால் உடனே சிங்களத்துக்குத் தாவிவிடுகிறார்கள். (மருதானை)

முதல் வாரத்தில் மேசை, சப்பாத்து, அலுமாரி, பாண் போதும். போர்த்துக்கேயரிடமிருந்து இரு மொழிகளுக்கும் வந்த சொற்கள் இவை. சிங்களப் பிள்ளைக்கும் ஏற்கெனவே தெரிந்தவை. விடை கைக்குள் இருப்பதால் பிள்ளையின் முழுக் கவனமும் விளக்குவதில் போகும். நமக்கு வேண்டியதும் அந்த விளக்கம்தான்.

பிறகு தடைச்சொற்களைச் சேருங்கள். 1989இல் அமெரிக்காவில் வெளியான ‘டபூ’ விளையாட்டில் ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து சொற்களுக்குத் தடை உண்டு. நம் பிள்ளைகளுக்கு இரண்டு போதும். ‘குடை’க்கு ‘மழை’யையும் ‘நனை’யையும் தடுத்தேன். வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவி சற்று யோசித்துவிட்டு, “காலையில் அம்மா எடுத்துக்கொண்டு போ என்று சொல்வார், பின்னேரம் நான் பஸ்ஸில் மறந்துவிட்டு வருவேன்” என்றாள். கதிரையில் இருந்தவன் “குடை!” என்று துள்ளினான். ‘எடுத்துக்கொண்டு’, ‘மறந்துவிட்டு’ இரண்டையும் நான் மூன்று வாரமாகப் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். அவற்றை அவள் தன் தேவைக்கு எடுத்துப் பேசியது அன்றுதான். அந்தக் குழுவுக்கு இரண்டு புள்ளி கொடுத்தேன்.

என் வகுப்பில் 40 பேர். நான்கு கெட்டிக்காரர்களே பேசிவிடுகிறார்கள். (கொட்டாஞ்சேனை)

ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்களாக்கி, சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுங்கள். ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னதும் முறை அடுத்தவருக்குப் போக வேண்டும். தயங்கும் பிள்ளைக்காகக் குழு காத்திருக்கட்டும். அவசரப்படுத்துகிறவர்களைத் தயவுசெய்து கண்டியுங்கள். அந்தச் சில நொடிகளில்தான் அது மனத்துக்குள் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

வாயால் சரியாகச் சொல்கிறார்கள், எழுதும்போது ல, ள, ழ குழம்புகிறது. (பம்பலப்பிட்டி)

இன்றைய சிங்களப் பேச்சில் ல, ள வேறுபாடு கேட்பதில்லை. ழகரம் அம்மொழியில் இல்லவே இல்லை. ஆகவே பிள்ளையின் காதைக் குறை சொல்லாதீர்கள். விடையைப் பலகையில் பிழையின்றி எழுதினால்தான் புள்ளி என்று வையுங்கள். வலி, வளி, வழி மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துப் பாருங்கள். “பல்லில் வரும்”, “சுவாசிக்கிறோம்”, “காலிமுகத்திடலுக்குப் போக இதைக் கேட்போம்” என்று அவர்களே பொருளால் பிரித்து எழுதுவார்கள்.

சத்தம் அதிகம் என்று பக்கத்து வகுப்பில் முறையிடுகிறார்கள். (வத்தளை)

எல்லாக் குழுக்களுக்கும் ஒரே சொற்களைக் கொடுங்கள். பக்கத்துக் குழு ஒட்டுக்கேட்டு முந்திக்கொள்ளலாம் என்று தெரிந்தால் தாமாகவே தலைகளை நெருக்கிக்கொண்டு மெதுவாகப் பேசுவார்கள்.