அவள் எழுதிய இரண்டாம் அத்தியாயம் எங்கே?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். ரப்பர் ஷீட் அடிக்கும் இடங்களிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதுதான் எங்கள் புராஜெக்ட். குழுவில் நான்கு பேர். வேலை செய்வது நான் ஒருத்தி மட்டுமே. இரண்டு பையன்கள் செலவுக்குப் பணம் கொடுத்ததோடு ஒதுங்கிவிட்டார்கள். குலசேகரத்திலிருந்து வரும் தோழி, காலையில் ரப்பர் பால் எடுக்கப் போக வேண்டும் என்று எப்போதும் ஒரு சாக்குச் சொல்வாள். தொடக்கத்தில் இரண்டாம் அத்தியாயத்தை எழுதித் தந்தாள். ஆங்கிலம் சரியில்லாததால் அன்றிரவே முழுவதையும் நான் மாற்றி எழுதிவிட்டேன். அது அவளுக்குத் தெரியாது. அதன்பின் அவள் ஒன்றும் செய்யவில்லை. அறிக்கையிலிருந்து மூவரின் பெயரையும் நீக்கும்படி, எங்களை வழிநடத்தும் ஆசிரியரான கைடிடம் சொல்லலாமா?
— மாணவி, மார்த்தாண்டம்

பதில்: மகளே, புராஜெக்ட் காலம் வந்தால் இதே முறையீட்டோடு எனக்குக் கடிதங்கள் வருவது வழக்கம். உழைத்தவள் நீ என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உன்னைத் தட்டிக்கொடுப்பதற்காக இந்தப் பக்கத்தைச் செலவிட மாட்டேன். போகிற போக்கில் நீ எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். அவள் எழுதியதை அன்றிரவே மாற்றினாய், அது அவளுக்குத் தெரியாது என்கிறாய். உண்மையாகவே அப்படி நம்புகிறாயா? முதல் ரிவியூவில் அந்த அத்தியாயம் திரையில் வந்தபோது அவளும் உன் பக்கத்தில்தானே நின்றிருப்பாள்? தான் எழுதியதில் ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை என்பதை ஆசிரியர்கள் முன்னிலையில் கண்டுவிட்டு, வாய் திறக்காமல் பேருந்தேறி வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் வேலையை நிறுத்தியது அதன்பின்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுதிய உனக்கு, ஒன்றுக்கு மற்றொன்று காரணமாக இருக்கலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அவள் எழுதித் தந்தது எதைப் பற்றி என்று நீ சொல்லவில்லை. ஆனால் உங்கள் குழுவில் ரப்பரைப் பற்றிக் கைப்பழக்கத்தால் அறிந்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். விடியுமுன் மரப்பட்டையைக் கீறிவிட்டால்தான் பால் நன்றாக ஓடும் என்பதும், சிரட்டையில் சேர்ந்த பால் அங்கேயே உறைவதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதும், ஆசிட் ஊற்றி உறையவைத்த பாலை ரோலரில் பிழியும்போது வெளியேறும் புளிப்புத் தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேர்கிறது என்பதும் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியவை அல்ல. நீங்கள் சுத்திகரிக்க முனைந்திருப்பது அந்தத் தண்ணீரைத்தான். அதை அன்றாடம் பார்க்கிறவளின் எழுத்தை, இலக்கணம் பிழைத்தது என்பதற்காக அழித்துவிட்டு, அந்த இடத்தில் நீ எதை வைத்தாய்? இணையத்தில் கிடைத்ததைத் திரட்டி வைத்தாயா?

அவள் பாலெடுக்கப் போவதைச் சாக்கு என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சொல்லுக்காக உன்னைக் கண்டிக்கிறேன். விடியற்காலையில் வீட்டு வேலைக்குக் கைகொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பெண் தன் கடமையைச் செய்கிறாள். பெற்றவர்களின் உழைப்பில் பங்கெடுக்கும் பிள்ளையை நம் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன், நீ சொல்வதையும் ஏற்க மாட்டேன்.

மருமகள் அரைத்துவைத்த தேங்காயை, அவள் அப்பால் போனதும் மறுபடி அம்மியில் இட்டு அரைக்கும் மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழிந்தபின், இவள் அடுக்களைப் பக்கமே வருவதில்லை என்று அக்கம்பக்கத்தில் குறைப்படுவதும் அவர்களேதான். 1983இல் நார்பர்ட் கெர், ஸ்டீவன் பிரூன் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதனை செய்து எழுதினார்கள்: தன் உழைப்பு இல்லாமலே காரியம் நடந்துவிடும் என்று தோன்றிவிட்டால் மனிதர் கை தளர்ந்துவிடுகிறார். அவளுக்கு அப்படித் தோன்றும்படி செய்தது ஓரிரவில் நீ செய்த வேலை.

நான் முட்டத்துக்கு அருகே கடற்கரையில் வளர்ந்தவள். கடலில் விரித்துக் கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையான கரைமடியை இழுக்கும்போது இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். அந்தக் குரல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கயிற்றை இழுத்தபோது, தனித்தனியே இழுத்திருந்தால் கிடைத்திருக்கும் மொத்த வலிமையில் 49 விழுக்காடுதான் வெளிப்பட்டது. ஒரே கணத்தில் இழுக்காமல் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்ததை அவர் முக்கியக் காரணமாகக் கருதினார். கரைமடியில் வயதானவர்களும் கயிற்றைப் பிடிப்பார்கள். அவர்கள் பிடி தளர்ந்தது என்று கயிற்றைப் பிடுங்கிய எவரையும் நான் கண்டதில்லை. நீ பிடுங்கிவிட்டு, இப்போது தனியாக இழுக்கிறேன் என்று அழுகிறாய்.

பையன்கள் இருவர் விஷயம் வேறு. பணம் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பது தவறு. ஆளுக்கொரு பகுதியைப் பெயர் சொல்லிக் கொடு. ஒருவன் மாதிரி நீரின் பரிசோதனைகளைப் பார்க்கட்டும், மற்றவன் வரைபடமும் செலவுக் கணக்கும் போடட்டும். யார் பொறுப்பில் எது என்பதைக் கைடிடம் எழுதிக் கொடு. அப்படியும் செய்யாவிட்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அந்தப் பகுதிக்கான கேள்விகளுக்கு அவர்களே நின்று விடை சொல்லட்டும். நீ முந்திக்கொண்டு பதில் சொல்லாதே. பெயர்களை நீக்கச் சொல்லி இப்போதே கைடிடம் போவதை நான் ஒப்பமாட்டேன். உன் கையால் ஒரு தோழியின் அத்தியாயத்தை அழித்த நீ, அதை அவளிடம் ஒப்புக்கொள்ளும்வரை, அவள் பெயரைத் தொட உனக்கு உரிமை கிடையாது.

அவள் முதலில் அனுப்பிய கோப்பு உன் கைப்பேசியிலோ மின்னஞ்சலிலோ இருக்கும். தேடி எடுத்து அச்சிட்டுக்கொள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் குலசேகரம் போ. பால் எடுத்து முடியும்வரை அவளோடு தோட்டத்தில் நின்று ஒரு வாளியையாவது தூக்கு. பிறகு அந்தத் தாள்களை அவள் கையில் கொடுத்து, அன்றிரவு நீ செய்ததைச் சொல். அவள் எழுதியதை இருவரும் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துங்கள்; பேனா அவள் கையில் இருக்கட்டும். லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.