ஐம்பது வருடப் பழைய ராக் இசைக்குழுக்களை இன்றைய பிள்ளைகளும் கேட்பது எப்படி?

உங்கள் வீட்டுப் பிள்ளை திடீரென்று உங்கள் காலத்துப் பாட்டைக் கேட்கிறது, அதனால்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "எல்லாம் நம்ம வளர்ப்பு" என்று மட்டும் மார்தட்டாதீர்கள். நான் தட்டிப் பார்த்து அசடு வழிந்தவன்.

எனக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். தொண்ணூறுகளில் பாண்டிக்கு பஸ் ஏறிப் போய், வெற்று கேசட்டைக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கி வருவேன். முதலில் வாங்கியது டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டு. கடைக்காரர் ஒரு வாரம் இழுத்தடிப்பார். அட்டையில் பச்சை மையில் பாட்டுப் பெயரெல்லாம் எழுதித் தருவார், பாதிக்குப் பாதி எழுத்துப் பிழை. அப்படிச் சேர்ந்த அறுபது எழுபது கேசட்டும் 2011 டிசம்பர் 30, தானே புயலில் போச்சு. ஓடு பறந்து, அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. சேதம் கணக்கெடுக்க வந்தவர், "கேசட்டா? அதெல்லாம் எழுத முடியாதுங்க" என்றார்.   

மகளுக்கு இதையெல்லாம் புகட்ட நான் படாத பாடில்லை. காரில் போட்டால் இயர்போனை மாட்டிக்கொள்வாள். டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டு பிறந்த கதையையும் சொன்னேன். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை அரங்கம் ஒன்று பற்றி எரிந்ததும், பாட்டுப் பதிவுக்கு அந்த ஊருக்கு வந்திருந்த இவர்கள் ஏரிமேல் புகை படர்வதைப் பார்த்ததும் சொன்னேன். "ம்" என்றாள்.

ஜூன் 21 பிரான்சில் இசைத் திருநாள். பாண்டியிலும் அந்த வழக்கம் உண்டு. போன வருடம் தோழிகளோடு பீச் ரோடு போனவள், கல்லூரிப் பையன்கள் நாலு பேர் அதே பாட்டின் தொடக்கத்தை வாசிப்பதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த வாரம் அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 0 3 5, 0 3 6 5, 0 3 5 3 0 என்று எழுதியிருந்தது. ஓடிபியோ என்று பயந்துவிட்டேன். கிடாரின் தடித்த கம்பியை எத்தனையாவது கட்டத்தில் அழுத்த வேண்டும் என்ற கணக்காம் அது; 0 என்றால் அழுத்தாமலே மீட்டுவது. மொத்தம் நாலே சுரம். இரவல் கிடாரில் இரண்டு நாளில் வந்துவிட்டது.

நமக்கும் கைக்கு வரும் என்ற ஆசைதான் பிள்ளைகளை இழுக்கிறது என்பேன். சினிமாப் பாட்டுக்கு ஒரு வாத்தியப் பட்டாளமே வேண்டும். (இளையராஜா ரசிகர்கள் கம்பெடுக்க வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான்.) ராக் பாட்டுக்கு நாலைந்து சிநேகிதர்களும் ஒரு மொட்டை மாடியும் போதும். எல்லா ராக்கும் சுலபம் என்று சொல்லவில்லை. டீப் பர்ப்பிளின் கிடார்க்காரர் ரிச்சி பிளாக்மோர் தனியாக வாசிக்கும் இடங்களெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் எனக்கு வராது.

"முழுப் பாட்டும் கேட்டியா?" என்றேன். "ரொம்ப நீளம்ப்பா" என்றாள்.

இப்போது எனக்கும் சொல்லித் தருகிறாள். விரல் நுனியெல்லாம் எரிகிறது. "அப்பா, ஆறுல நிக்காத, உடனே அஞ்சுக்கு வந்துடணும்" என்று நேற்றும் திட்டு வாங்கினேன்.