சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு மேல லமினேட் போடலாமோ?

கேள்வி: எங்கட வீடு யாழ்ப்பாணம் கொக்குவில்ல, அப்பா கட்டின பழைய வீடு, ஹோல் முழுக்க சிவப்புச் சீமெந்து. அண்ணா கனடாவில இருந்து பொங்கலுக்கு வாறார், அதுக்குள்ள லமினேட், அதுதான் மரம் மாதிரித் தெரியிற நிலப்பலகை, போட்டு முடிக்கட்டாம். நிலத்தை உடைக்கத் தேவையில்லை, அப்பிடியே மேல போடலாம் எண்டு கடையில சொல்லினம். சரியோ அண்ணை?

பதில்: உடைக்கத் தேவையில்லைத்தான் தங்கச்சி, ஆனா அப்பிடியே போட்டிடாதேங்கோ. ஐப்பசி கார்த்திகை மழைக்கு எங்கட கிணறுகளில தண்ணி எவ்வளவு மேல வருது எண்டு தெரியும்தானே, அந்த ஈரம் சீமெந்துக்குள்ளாலயும் ஏறும், பழைய வீடுகளில கனக்க இடத்தில நிலத்துக்குக் கீழ பொலித்தீன் விரிக்கேல்ல. லமினேட்டின்ர நடுப்பகுதி மரநாரை அமத்திச் செய்ததுதான், ஈரம் குடிச்சா ஊதும், பிறகு காய்ஞ்சாலும் பழையபடி வராது. எங்கட அக்கா வீட்டில ஆவணி வெயிலுக்க போட்டது, நிலம் காய்ஞ்சு கிடக்கெண்டு ஒருத்தரும் செக் பண்ணேல்ல, மார்கழியில பொருத்தெல்லாம் தூக்கி நடக்கேக்க காலில தட்டுப்பட்டுது, எனக்கு இப்பவும் மனவருத்தம்.

அதால மழை நேரத்திலயே பாருங்கோ. ஒன்றரை அடிச் சதுரமா பொலித்தீன் வெட்டி நாலு விளிம்பும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கோ, பாத்ரூம் சுவரடியில ஒண்டு, நடு ஹோல்ல ஒண்டு. உரிக்கேக்க உள்பக்கம் முத்து முத்தாத் தண்ணி நிண்டாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்துக் கிடந்தாலோ ஈரம் ஏறுது, பொங்கலுக்கெண்டு அவசரப்படாதேங்கோ, அண்ணாவுக்கு நான் சொன்னதெண்டே சொல்லுங்கோ.

அடுத்தது மட்டம். 2 மீற்றர் அலுமினியக் கோலை நிலத்தில வைச்சுப் பின்னால டோர்ச் அடிச்சா வெளிச்சம் கசியிற இடம் பள்ளம், 3 மில்லிமீற்றருக்கு மேல எண்டா நிரப்பத்தான் வேணும், இல்லாட்டி மிதிக்க மிதிக்க பலகையை பலகையோட கொழுவிற பூட்டு உடையும். சிவப்பு நிலத்தில வருசக்கணக்கா மெழுகு போட்டிருப்பியள், அதுக்கு மேல பள்ளம் நிரப்புற பூச்சைப் பூசினா பிடிக்காது, மெழுகைச் சுரண்டி கிறைண்டரால சொரசொரப்பாக்கிப்போட்டுப் பூசச் சொல்லுங்கோ. தட்டிப் பாக்க கொடகொடக்கிற இடத்தைக் கொத்தி எடுக்க வேணும், புதுப் பூச்சு நல்லாக் காயவும் வேணும். கறையான் மண் கண்டா முதல் அதுக்கு மருந்து.

ஈரம் இல்லாட்டியும் 0.2 மில்லிமீற்றர் பொலித்தீன் விரிச்சு, ஒண்டுக்கு மேல ஒண்டு 20 சென்ரிமீற்றர் ஏறவிட்டு டேப் ஒட்டுங்கோ, அதுக்கு மேல அண்டர்லே, அதுதான் பலகைக்குக் கீழ விரிக்கிற மெத்தை விரிப்பு, பிறகு பலகை, பலகைக்கும் சுவருக்கும் இடையில 10 மில்லிமீற்றர் இடைவெளி. 8 மில்லிமீற்றர் பலகையும் 3 மில்லிமீற்றர் அண்டர்லேயும் சேர நிலம் 11 மில்லிமீற்றர் உயரும், அதால கதவடி சீவுறதெண்டா பலகை விரிக்க முதலே சீவிப்போடுங்கோ.