பாக் காப்பியடித்தாரா?

வணக்கம் சார்,

ஜெர்மன் இசைமேதை பாக்கின் சி மைனர் பஸ்ஸகாலியா (அடியில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஓட, மேலே இசை மாறிக்கொண்டே போகும் வகை) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் ஆந்த்ரே ரெய்ஸோன் என்கிற பிரெஞ்சுக்காரரின் சின்ன ஆர்கன் இசை ஒன்றை அனுப்பினார். அடியில் ஓடும் மெட்டு பாக்குடையதேதான்! "நம்மூர் இசையமைப்பாளர் இதைச் செய்தால் சும்மா விடுவீர்களா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொல்வது பாதி சரி. அளந்து பார்த்தாலும் பாதிதான். ரெய்ஸோன் பாரிஸில் செயின்ட் ஜெனிவீவ் மடத்தில் ஆர்கன் வாசித்தவர். 1688இல் அவர் வெளியிட்ட ஆர்கன் நூலில், கத்தோலிக்கப் பூசையில் 'கிறிஸ்துவே இரங்கும்' என்று வேண்டும் 'கிறிஸ்தே' பகுதிக்கான இசை ஒன்று இருக்கிறது. அதன் அடிமெட்டு நான்கு பார் (தாளத்தின் ஒரு சுற்று; சினிமா இசைக்காரர்கள் சொல்லும் அதே பார்தான்). பாக்கின் மெட்டு எட்டு பார். அதில் முதல் நான்கு ரெய்ஸோனுடையவை, சுருதி மட்டும் வேறு. பாக் அங்கிருந்துதான் எடுத்தார் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மீதி நான்கு பாரைக் கேளுங்கள். மெட்டு படிப்படியாக இறங்கி, பெடலின் (ஆர்கனில் காலால் வாசிக்கும் கட்டைகள்) ஆகக் கீழேயுள்ள 'சி'யில் போய் நிற்கிறது. ரெய்ஸோனின் மெட்டு சீக்கிரம் முடிந்து சீக்கிரம் திரும்பி வரும். இனிமையான சின்ன விஷயம். பாக் அதை இரண்டு மடங்காக நீட்டியதில்தான் இருபது மாறுபாடுகளைத் தாங்கும் பலம் அதற்கு வந்தது. முதலில் பெடல் மட்டும் தனியாக மெட்டைச் சொல்கிறது. பிறகு அதன்மேல் மாறுபாடுகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. நடுவில் மெட்டே மேல்குரலுக்குத் தாவுகிறது, அப்புறம் உடைந்த ஸ்வரங்களுக்குள் கரைந்து, மறுபடி காலுக்கு வருகிறது.

இனிமேல்தான் வேடிக்கை. இருபதாவது முடிந்ததும் நிறுத்தாமல் ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துப் பின்னும் வடிவம்) தொடங்குகிறது. அதற்கு பாக் முதன்மை மெட்டாக எடுத்துக்கொண்டது பழைய மெட்டின் முதல் பாதியை. அதாவது ரெய்ஸோனுடைய பாதியை முன்னால் நிறுத்தியே உச்சத்தைக் கட்டுகிறார். திருட்டை மறைக்க நினைப்பவன் செய்கிற வேலையா இது?

ரெய்ஸோன் பெயரை எங்கும் போடவில்லையே என்று நண்பர் மடக்கலாம். நியாயம்தான். லெக்ரென்ஸி என்ற இத்தாலியரின் மெட்டில் பாக் எழுதிய ஃபியூகுக்குப் பழைய கையெழுத்துப் படிகளில் லெக்ரென்ஸியின் பெயர் இருக்கிறது. இதற்கு அப்படி இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் இசையைக் கற்பதே அடுத்தவர் எழுதியதைக் கையால் நகலெடுத்துத்தான். க்ரின்யி என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரின் ஆர்கன் நூலை பாக் தன் கையாலேயே எழுதி எடுத்திருக்கிறார். 1705இல், இருபது வயதில், நாலு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு தான் வேலை பார்த்த ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து லூபெக் போய், அங்கிருந்த ஆர்கன் மேதை புக்ஸ்டஹூடவைக் கேட்டவர் பாக். திரும்பியது சில மாதம் கழித்து. வேலை கொடுத்தவர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள், பின்னே என்ன செய்வார்கள்? பஸ்ஸகாலியா அதற்குப் பின் வந்த சில வருடங்களில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாக் எழுதிய மூலப்படி இன்று கிடையாது. அண்ணன் யோஹான் கிறிஸ்டோஃப் எழுதிவைத்த தொகுப்பில் பிழைத்திருக்கிறது. புக்ஸ்டஹூட இதே வகையில் செய்த இசையும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது.

நம்மூர் இசையமைப்பாளர் விஷயம் வேறு. இன்று உரிமையும் பணமும் இருக்கின்றன, பெயர் போட்டே ஆக வேண்டும். அதைச் செய்துவிட்டு, நாலு பாரை இப்படி வளர்த்தால் நானே மாலையோடு போவேன்.

ஃபியூக் முடியும் தறுவாயில் எதிர்பாராத ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எல்லாம் சட்டென நின்றுவிடும். சி மைனரில் யாரும் எதிர்பார்க்காத டி ஃபிளாட் அது. அந்த இடத்தை நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆர்கன் சத்தம் பிடிக்காது என்றால் ஸ்டோகோவ்ஸ்கி, ரெஸ்பீகி இருவரும் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியவை கிடைக்கும். ரெஸ்பீகியுடையது ரொம்பவே ஆடம்பரம். எனக்கு ஆர்கனே போதும்.