தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு வரலாற்றுக் கேள்வி

கேள்வி: என் மகன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். வரலாற்றுப் பாடத்தில் சிங்கப்பூரில் நடந்த பிரிட்டிஷ் ஆட்சி வருகிறது. "வெள்ளைக்காரன் வரலைன்னா இந்த ஊரே கிடையாது" என்கிறார் என் அப்பா. "அப்படின்னா ஏன் எதிர்த்தாங்க?" என்று மகன் கேட்கிறான். எப்படி விளக்குவது? (வாசகி, ஈசூன்)

பதில்: பையன் கேட்டது நல்ல கேள்வி. வெள்ளைக்காரர் நல்லவரா கெட்டவரா என்று தொடங்காதீர்கள். வீட்டில் சண்டைதான் மிஞ்சும். பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடச் சொல்லுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்திய அபினி சீனாவில் விலைபோக வேண்டும், அங்கிருந்து தேயிலை வர வேண்டும். வழியில் மலாக்கா நீரிணைப் பக்கம் டச்சுக்காரர் கை ஓங்கியிருந்தது. ஜோகூர் அரச குடும்பத்திலோ வாரிசுத் தகராறு. டச்சுக்காரர் தம்பியை ஏற்றிருக்க, கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் அண்ணன் ஹுசேனைச் சுல்தானாக்கி 1819 பிப்ரவரி 6 அன்று ஒப்பந்தம் போட்டார். ஹுசேனுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், உள்ளூர் மலாய்த் தலைவரான தெமெங்கோங்குக்கு 3,000. அதில் கிடைத்தது சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைக்கும் உரிமைதான். 1824இல் சிங்கப்பூரை நிர்வகித்த கம்பெனி அதிகாரி கிராஃபர்ட் செய்த ஒப்பந்தத்தில் தீவே கைமாறிவிட்டது, ஒரு தோட்டாகூட வெடிக்காமல். ஆர்க்காட்டிலும் இதே கதைதான்: வாரிசுச் சண்டையில் முகமது அலிக்குத் துணை நின்ற கம்பெனி, 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியையே எடுத்துக்கொண்டது.

சரி, சுங்க வரி இல்லாத துறைமுகத்தில் அரசாங்கம் எதை வைத்து நடந்தது? இதைத்தான் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். அபினி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி அதிலிருந்து வந்தது. மூட்டை தூக்கியும் ரிக்‌ஷா இழுத்தும் உடம்பு நொந்த சீனக் கூலிகள், வலி மறக்கப் புகைத்த காசு அது. இங்குள்ள புக்கிட் சண்டு என்ற குன்றின் பெயரில் இருக்கும் 'சண்டு', புகைக்கத் தயாரான அபினிதான்.

கூலி கொடுக்காத உழைப்பும் இருந்தது. 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. சுவரில் பூசியிருப்பது சென்னைச் சுண்ணச் சாந்து: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். நம் ஊர்க் கொத்தனார்களின் கைப்பக்குவம்.

எதிர்ப்புக்கு வருவோம். சிவகங்கையில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802இல் கம்பெனி 70க்கும் மேற்பட்ட போராளிகளைப் பினாங்குக்கு நாடு கடத்தியது. பேராக் என்ற மலாய் மாநிலத்தில், சுல்தானுக்கு ஆலோசகராகப் பிரிட்டிஷார் அமர்த்திய ரெசிடெண்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்டார். வரி வசூலிக்கும் உரிமையை மலாய்த் தலைவர்களிடமிருந்து பறித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1915 பிப்ரவரி 15 அன்று இங்கே வெடித்த சிப்பாய்க் கலகத்துக்குப் பணக் கணக்கு போதாது. அவர்கள் வட இந்திய முஸ்லிம் வீரர்கள். சக முஸ்லிம்களான துருக்கியரை எதிர்த்துப் போரிட அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி, வெளிநாட்டு இந்தியர்கள் நடத்திய விடுதலை அமைப்பான கதர் இயக்கத்தின் பிரசாரம், அதிகாரிகள் மேல் போன நம்பிக்கை எல்லாம் சேர்ந்து வெடித்தன. 47 பேருக்கு மரண தண்டனை. ஊட்ரம் சிறைச் சுவரோரம் மக்கள் கண்முன்னே நிறுத்திச் சுட்டார்கள். கலகத்தில் இறந்தவர்களில் பொதுமக்களும் உண்டு. அதையும் பையனிடம் மறைக்க வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போய் வாருங்கள். கைதிகள் கட்டிய அதே தேவாலயத்தில்தான் 1915இல் சிப்பாய்கள் கையால் இறந்தவர்களின் நினைவுப் பலகைகளும் இருக்கின்றன. தாத்தாவையும் கூட்டிப் போங்கள். அவர் குடும்பம் இங்கே எப்போது வந்தது, யாரிடம் வேலை பார்த்தது, சம்பளத்தில் எவ்வளவு ஊருக்குப் போனது என்று பேரனே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.